கபுசெ தமாரியோக்குச்சா: முதல் பையை வீணாக்காமல் வாங்கிக் குடிக்க

ஃபுகுவோக்காவுக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம், கபுசெ தமாரியோக்குச்சா என்கிற ஒரே ஒரு ஜப்பானியப் பச்சைத் தேநீரைத் தேடி மூன்று பை வாங்கினேன். பை ஒன்று 1,080 யென். மூன்றும் பாழ்.

பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா ஒருநாள் உள்ளங்கையில் அடங்கும் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்ததுதான் ஆரம்பம். கசப்பே இல்லை. சர்க்கரை போடாமலே நாக்கில் ஒரு தித்திப்பு நின்றது. பேரைக் கேட்டேன். அவர் வேகமாகச் சொன்னதில் 'கபுசெ' மட்டும் காதில் விழுந்தது. மறுநாள் சூப்பர் மார்க்கெட்டில் 'கபுசெச்சா' என்று கேட்டு வாங்கினேன். ஊசி ஊசியாக நேரான இலை, பாட்டியம்மா வீட்டில் பார்த்த சுருட்டை இலை இல்லை. அடுத்து இலையின் படத்தைப் பார்த்து 'குரிச்சா' என்ற பையை வாங்கினேன். இலை சுருட்டையாகத்தான் இருந்தது, ருசியோ துவர்ப்பு. மூன்றாவது முறை சரியான பை கிடைத்தது. அதில் நம்மூர் வழக்கப்படி தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றி நானே கெடுத்தேன்.

ஜப்பானில் வேலைக்கோ படிப்புக்கோ இருப்பவர்களுக்கும், சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கும் இந்தச் செலவு மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

1. பேரில் இருக்கும் இரண்டு சமாச்சாரங்களைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்

கபுசெ என்றால் போர்த்தியது. பறிப்பதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் முன்பு தேயிலைச் செடி மேல் கறுப்பு வலையைப் போர்த்தி வெயிலை மறைத்துவிடுவார்கள். தேயிலைக்கு இனிப்பும் 'உமாமி' என்கிற அந்த ஆழ்ந்த ருசியும் தருவது தியனைன் என்கிற அமினோ அமிலம். அது வேரில் உண்டாகி இலைக்கு ஏறுகிறது. வெயில் பட்டால் துவர்ப்பைத் தரும் கேட்டகின்களாக மாறுகிறது. வெயிலை மறைத்தால் அந்த மாற்றம் மந்தமாகிவிடும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க இலை பச்சையத்தைக் கூட்டிக்கொள்வதால் நிறமும் அடர்கிறது. கூடவே ஒரு கடல்வாசமும் வரும். ராமேஸ்வரம் பக்கம் கடற்பாசி காயப் போட்டிருக்கும் இடத்தைக் கடந்தவர்களுக்கு அது தெரிந்த வாசம்தான். பையைத் திறந்ததும் அந்த மணம் அடித்தால் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். அதற்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

தமாரியோக்குச்சா என்பது இலையின் வடிவத்தைச் சொல்லும் பேர். செஞ்சா என்கிற சாதாரணப் பச்சைத் தேயிலையைத் தயாரிக்கும்போது கடைசியில் இலையை அழுத்தி உருட்டி ஊசியாக நீட்டுவார்கள். இதில் அந்தப் படி கிடையாது. சுழலும் உருளைக்குள் சூடான காற்றில் புரளவிட்டுக் காயவைப்பதால் இலை தன் போக்கில் சுருண்டு காற்புள்ளி மாதிரி ஆகிவிடுகிறது. குரிச்சா என்பதும் இதன் பேர்தான்.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லாதவை. அதனால்தான் ஒரு பேரை மட்டும் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். கபுசெச்சா என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் மியே மாகாணத்து நேர் இலை கையில் வரும். அந்த வகையில் அந்த மாகாணம்தான் முதலிடம். குரிச்சா என்று மட்டும் கேட்டால் ஷிஸுவோக்கா மாகாணத்தின் இஸு பக்கம் விற்கிற, நிழல் போர்த்தாத சுருட்டையிலை வரலாம். இரண்டும் நல்ல தேநீர்தான், நாம் தேடுவதுதான் வேறு. போர்த்தி வளர்த்துச் சுருளவிட்ட இலைக்கு நீங்கள் பார்க்க வேண்டியது கியூஷு தீவு: சாகா மாகாணத்து உரேஷினோ, மலைக்கு அந்தப் பக்கம் நாகசாக்கி மாகாணத்து ஹிகாஷிசோனோகி.

கடையில் சொல்ல மூன்று வாக்கியங்கள் போதும். நானும் இவற்றை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

'கபுசெதெ அரு தமாரியோக்குச்சா, அரிமாஸ் கா?' போர்த்தி வளர்த்த சுருட்டையிலை இருக்கிறதா?

'முஷி தெஸ் கா, கமாஇரி தெஸ் கா?' ஆவியில் வேகவைத்ததா, இரும்புச் சட்டியில் வறுத்ததா?

'இச்சிபஞ்சா தெஸ் கா?' முதல் பறிப்பா?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். சட்டியில் வறுக்கிற கமாஇரிச்சாவும் சுருட்டையாகத்தான் இருக்கும், அதுவும் உரேஷினோவில் கிடைக்கும். ஆனால் அதில் வறுத்த தானிய மணம் தூக்கலாக இருக்கும், கடல்வாசம் இருக்காது. உங்களுக்கு வேண்டியது 'முஷி'.

2. பையைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் முழுக்க அலங்கார எழுத்து. அது கிடக்கட்டும். பின்பக்கம் ஒரு சின்னக் கட்டத்துக்குள்தான் விஷயம் இருக்கிறது. ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டால் போன் கேமராவில் மொழிபெயர்க்கும் செயலியைக் காட்டுங்கள். ஒன்றிரண்டு எழுத்தைக் கண்ணுக்குப் பழக்கி வைத்துக்கொள்வது இன்னும் வசதி.

தமாரியோக்குச்சாவின் 'தமா' எழுத்து எளிது. மூன்று கிடைக்கோடு, நடுவில் ஒரு நெடுக்கோடு, வலது பக்கக் கீழ்மூலையில் ஒரு புள்ளி. புள்ளி இல்லாவிட்டால் அது ராஜா என்ற எழுத்து. தேநீரைக் குறிக்கும் எழுத்து, தலையில் இரண்டு புல், கீழே ஒரு கூரை, கூரைக்கடியில் ஒரு மரம் என்று சின்னக் குடிசை மாதிரி இருக்கும்.

மூலப்பொருள் என்ற வரியில் தேயிலை, அது விளைந்த மாகாணம், இவ்வளவுதான் இருக்க வேண்டும். வேறு எதாவது இருந்தால் பையைக் கீழே வைத்துவிடுங்கள். மலிவான சில பச்சைத் தேயிலைகளில் அமினோ அமிலச் சுவையூட்டி சேர்த்திருப்பார்கள். நம்மூர் ஃப்ரைடு ரைஸில் போடுகிற அதே வகையறா. இரண்டு வாரம் வலை போர்த்தி வரவேண்டிய ருசியை ஒரு சிட்டிகை உப்பில் கொண்டுவரும் குறுக்குவழி. சட்ட விரோதம் இல்லை, பையிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். நாம் படிக்காமல் வாங்கினால் தப்பு நம்முடையது.

'ஜப்பானில் விளைந்தது' என்று மட்டும் இருந்து மாகாணத்தின் பேர் இல்லாவிட்டால் பல இடத்து இலையின் கலவையாக இருக்கலாம். சில பைகளில் செடி ரகத்தையும் போடுவார்கள். யபுகித்தா எங்கும் இருப்பது. சாயெமிதோரி என்று கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். யபுகித்தாவையும் அசாத்சுயு என்ற ரகத்தையும் கலப்பினம் செய்து உருவாக்கிய ரகம் அது. துவர்ப்பு குறைவு, நிறம் பளிச்சென்று இருக்கும். புதிதாகக் குடிப்பவர்களுக்கு இதுதான் சுலபமாகப் பிடிக்கும் என்பது என் அனுபவம்.

கடைசியாகத் தேதி. 'ஷோமிகிகென்' என்பது இந்தத் தேதிவரை ருசி குறையாது என்பதற்கான குறி, பறித்த தேதி அது இல்லை. பறித்த வருஷத்தை அறியக் கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

3. எப்போது வாங்குவது

கியூஷுவில் முதல் பறிப்பு ஏப்ரல் நடுவில் தொடங்கி மே முதல் வாரம்வரை ஓடும். ஜப்பானியப் பழைய கணக்கில் வசந்தம் தொடங்கியதிலிருந்து எண்பத்தெட்டாவது நாள், அதாவது மே 2 வாக்கில், எல்லாக் கடைகளிலும் 'ஷிஞ்சா', அதாவது புதுத் தேயிலை, என்ற கொடி பறக்கும்.

அதைப் பார்த்து நானும் மே 2ஆம் தேதியே உரேஷினோவில் போய் இறங்கினேன். தோட்டங்களில் கறுப்பு வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள், பார்க்க அழகாக இருந்தது. ஆனால் நான் போய் நின்ற தோட்டத்துக் கடையில் ஆளே இல்லை. வீட்டில் எல்லோரும் ஆலையில். அறுவடை அன்றைக்கு நெல் வாங்கப் போய் நின்றவன் கதை. அதோடு விடுமுறை வாரம் என்பதால் தங்கும் இடமும் கிடைக்கவில்லை.

மே மூன்றாவது வாரத்துக்குப் பிறகு போங்கள். புதுத் தேயிலை பைக்கு வந்திருக்கும், ஆட்களுக்கும் பேச நேரம் இருக்கும். ஷிஞ்சாவுக்கு ஒரு பச்சை வாடை உண்டு. அது பிடிக்காதவர்கள் இலையுதிர்காலம்வரை பொறுத்து, குளிரில் வைத்து எடுத்து விற்கும் 'குராதாஷி' வாங்கலாம். எனக்கு அதுதான் உசத்தி.

4. ஊருக்கே போய் வாங்குவது

ஃபுகுவோக்காவின் ஹகாத்தா நிலையத்தில் ரிலே கமோமே ரயில் ஏறுங்கள். தகேயோ ஓன்சென் நிலையத்தில் இறங்கினால் அதே நடைமேடையின் எதிர்ப்பக்கம் கமோமே என்ற ஷிங்கான்சென் அதிவேக ரயில் நிற்கும். மாறி ஏறினால் அடுத்த நிலையம் உரேஷினோ ஓன்சென். சில வண்டிகள் அங்கே நிற்காது, பார்த்து ஏறுங்கள். சீட்டை முதலிலேயே ஹகாத்தாவிலிருந்து உரேஷினோ ஓன்சென்வரை ஒன்றாக எடுத்துவிடுங்கள். இந்த ஷிங்கான்சென் நிலையம் 2022 செப்டம்பரில்தான் திறந்தது. வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் ஊர்நடுவுக்கு அங்கிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். நெடுஞ்சாலைப் பேருந்தும் உண்டு. அதில் கட்டணம் குறைவு.

காரில் போனால் உரேஷினோ, ஹிகாஷிசோனோகி இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். இந்திய ஓட்டுநர் உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு ஜப்பானில் ஓட்ட முடியாது. கிளம்பும் முன்பே ஊரில் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்துவிடுங்கள். கட்டணம் ஆயிரம் ரூபாய். வாடகைக் கார் எடுக்கும்போது அந்த அனுமதி, அசல் உரிமம், பாஸ்போர்ட் மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஜப்பானுக்குள் நுழைந்த நாளிலிருந்து அதிகபட்சம் ஒரு வருஷம்தான் செல்லும். இணையத்தில் 'சர்வதேச லைசென்ஸ்' என்று அட்டை அடித்து விற்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் ஒருவர் அதை வாங்கிக்கொண்டு வந்து கார் கடை வாசலோடு திரும்பினார்.

சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கு ஒரு லாபம். வரிவிலக்குப் பலகை வைத்த கடையில் ஒரே நாளில் வரிக்கு முன் 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் 8 சதவீத நுகர்வு வரி கிடையாது. பாஸ்போர்ட்டின் அசல் வேண்டும், நகல் செல்லாது. தேயிலையை ஒட்டிய பையில் போட்டுக் கொடுப்பார்கள். நாட்டை விட்டுக் கிளம்பும்வரை பிரிக்கக் கூடாது. 2026 நவம்பர் 1 முதல் இந்த முறை மாறுகிறது. வரியோடு முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, விமான நிலையத்தில் பொருளைச் சரிபார்த்த பிறகு வரியைத் திரும்ப வாங்க வேண்டும். அதற்குப் பின் வருபவர்கள் தேயிலையைப் பெட்டிக்கு அடியில் புதைத்து வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வேலை செய்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, கேட்டு அசடு வழிய வேண்டாம். சின்னத் தோட்டத்துக் கடைகளில் இந்தப் பலகையே இருக்காது.

விலை: நல்ல முதல் பறிப்பு 100 கிராம் பைக்கு நான் கொடுப்பது 1,080 முதல் 1,620 யென்வரை. 600 யென்னுக்குக் கீழே 'முதல் பறிப்பு, போர்த்தியது' என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. 2,000 யென்னுக்கு மேலே போனால் ருசி கூடத்தான் செய்கிறது, ஆனால் தண்ணீர் ஊற்றும் கை பழகுவதற்கு முன்னால் அதை வாங்குவது வீண். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை வாங்காத தோட்டங்கள் இன்னும் நிறைய.

5. தபாலில் வரவழைப்பது

ஜப்பானில் முகவரி இருந்தால் இதுவே போதும். முகவரி, போன் எண், வெளிநாட்டுப் பேர்களை எழுதும் கதகானா எழுத்தில் உங்கள் பேர், இவை வேண்டும். நம் பேர்கள் நீளம். கடன் அட்டையில் ஒரு மாதிரியும் கதவுப் பலகையில் ஒரு மாதிரியும் இருந்தால் பொட்டலம் திரும்பிப் போகும். ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தபால்பெட்டியிலும் அதையே ஒட்டிவிடுங்கள்.

செலவில் கவனிக்க வேண்டியது பொட்டலத்தின் தடிமன். மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கினால் ஜப்பான் தபாலின் கிளிக் போஸ்ட் சேவையில் 185 யென், லெட்டர் பேக் லைட்டில் 430 யென். 100 கிராம் பை இரண்டு மூன்றைத் தட்டையாக அடுக்கி அனுப்பிவிடுவார்கள். அட்டைப்பெட்டி கூரியர் என்றால் ஒரு பை தேயிலையின் விலை அதிலேயே போய்விடும். 'தபால்பெட்டியில் போடுகிற மாதிரி அனுப்ப முடியுமா' என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

6. பாத்திரம்

கியூசு என்கிற பக்கவாட்டுக் கைப்பிடிச் சட்டி ஒன்று வேண்டும். 200 முதல் 300 மில்லி பிடித்தால் போதும். உரேஷினோவிலேயே ஹிஸென் யோஷிதா பீங்கான் இருக்கிறது, நீலத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த சட்டிக்குப் பேர் போனது. ஹிகாஷிசோனோகிக்குப் பக்கத்து ஊர் ஹசாமி, அங்கேயும் பீங்கான்தான். நான் 3,300 யென்னுக்கு வாங்கினேன். உள்ளே குறுகலான வலைக்கூடை தொங்கும் சட்டியை மட்டும் வாங்காதீர்கள். சுருண்ட இலை விரிய இடம் வேண்டும். கூடைக்குள் நெருக்கினால் பாதிதான் விரியும். சட்டியே வேண்டாம் என்றால் ஒரு சொம்பும் 110 யென் வடிகட்டியும் போதும்.

7. போடும் முறை

பலரும் சறுக்கும் இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் இலை. 5 கிராம் எடுங்கள். கரண்டிக் கணக்கு இங்கே ஏமாற்றும். சுருட்டையிலை இடத்தை அடைத்துக்கொள்ளும், எடை இருக்காது. ஒரு மாதமாவது சமையல் தராசில் நிறுத்துப் பழகுங்கள், பிறகு கை தானாகச் சொல்லும். 100 கிராம் பையில் இருபது தடவை போடலாம். 1,080 யென் பை என்றால் தடவைக்கு 54 யென் ஆகிறது, ஒரு தடவை போட்ட இலையில் மூன்று முறை ஊற்றிக் குடிக்கலாம்.

அடுத்து தண்ணீர். நன்றாகக் கொதிக்கவிட்டு, அப்புறம் ஆற்ற வேண்டும். ஜப்பானில் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, அப்படியே பிடிக்கலாம். ஊரில் போடுவதாக இருந்தால் போர்த் தண்ணீரில் போடாதீர்கள், உப்பேறிய தண்ணீரில் ருசி படுத்துவிடும். கேன் தண்ணீர் அல்லது ஆர்.ஓ தண்ணீர்.

ஆற்றுவதற்கு இங்கே 'யுஸமாஷி' என்று தனிப் பாத்திரம் விற்கிறார்கள், ஆயிரத்துச் சொச்சம் யென். வாங்கவே வேண்டாம். காபி ஆற்றிய பரம்பரை நாம். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். கொதித்த தண்ணீரைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றினால் 90, அடுத்த கிண்ணத்துக்கு மாற்றினால் 80, மூன்றாவதில் 70. அந்த 70தான் நமக்கு வேண்டியது. கிண்ணத்தைப் பிடித்தால் சூடு தெரியும், ஆனால் கையை எடுக்க வேண்டியிருக்காது. டவரா டம்ளரில் ஆற்றுபவர்கள் நுரை பொங்க ஒரு கஜம் தூக்கி ஊற்றாதீர்கள், 60க்குக் கீழே போய்விடும்.

150 மில்லி தண்ணீரை இலை மேல் மெதுவாக ஊற்றி மூடிவிடுங்கள். 90 வினாடி. சாதாரண செஞ்சாவுக்குச் சொல்கிற ஒரு நிமிஷக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். ஊசியிலையை விட இது விரிய நேரம் எடுக்கும். ஆட்டக் கூடாது, கலக்கக் கூடாது. முதல் தடவை மட்டும் மூடியைத் திறந்து பாருங்கள், நான் பார்த்தேன். முதல் அரை நிமிஷம் ஒன்றுமே நடக்காது, காற்புள்ளிகள் அப்படியே கிடக்கும். பிறகு ஓரத்தில் ஒன்று முதுகை நிமிர்த்தும். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பது நெளியும். ஒன்றரை நிமிஷத்தில் கரும்பச்சையாக இருந்ததெல்லாம் இளம்பச்சையாகி, அங்கங்கே இலையும் மொட்டும் சேர்ந்த முழுத் துளிர்கூடத் தெரியும். விரிந்து முடியும் முன்பே வடித்துவிடலாம், மிச்சம் அடுத்த தடவைக்கு.

இரண்டு மூன்று பேர் இருந்தால் ஒரு கிண்ணத்தை முழுக்க நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஊற்றி, திரும்ப வரிசையாகப் பின்னோக்கி ஊற்றுங்கள். கடைசிச் சொட்டுவரை வடிக்க வேண்டும். அந்தக் கடைசிச் சொட்டில்தான் ருசி திரண்டு நிற்கிறது என்பது ஒன்று. சட்டியில் தண்ணீர் தங்கினால் இலை ஊறி அடுத்த தடவை கசக்கும் என்பது இன்னொன்று. வடித்த பிறகு மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

இரண்டாவது தடவை 80 டிகிரி, 15 முதல் 20 வினாடி. இலை ஏற்கனவே விரிந்துவிட்டது, காத்திருக்க வேண்டாம். மூன்றாவது 90 டிகிரி, அரை நிமிஷம். இதில் துவர்ப்பு ஏறும், சாப்பாட்டுக்குப் பிறகு நன்றாக இருக்கும்.

கசந்தால் தண்ணீர் சூடு அதிகம். சப்பென்று இருந்தால் இலை குறைவு, அல்லது அவசரப்பட்டுவிட்டீர்கள். இலையைக் கூட்டாமல் நேரத்தை நீட்டிச் சரிக்கட்டப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

பால், சர்க்கரை பற்றி. என் நண்பர் முதல் வாய் குடித்துவிட்டு 'என்னடா, கீரை வேகவைத்த தண்ணியா?' என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, முதல் வாயில் அப்படித்தான் தோன்றும். நாலாவது கிண்ணத்தில் மாறும். பால் ஊற்றித்தான் குடிப்பேன் என்றால் இவ்வளவு காசு கொடுத்து இதை வாங்காதீர்கள், நீலகிரித் தூளே போதும்.

நிழலில் வளர்ந்த இளந்துளிரில் காஃபீன் குறைவில்லை. ராத்திரி தூக்கம் வராதவர்கள் 10 கிராம் இலையை முக்கால் லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் மூன்று நாலு மணி நேரம் வைத்து வடித்துக் குடியுங்கள். குளிர்ந்த நீரில் காஃபீனும் துவர்ப்பும் குறைவாக இறங்கும், தித்திப்பு இறங்கிவிடும். ஆகஸ்ட் புழுக்கத்தில் எங்கள் வீட்டில் இதுதான் ஓடுகிறது.

மிச்ச இலையைக் கொட்டாதீர்கள். சோயா சாஸ் நாலு சொட்டு விட்டு இங்கே சாப்பிடுகிறார்கள். நான் தேங்காய், பச்சை மிளகாய், புளி வைத்துத் துவையல் அரைத்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவுக்கும் கொடுத்தேன். மறுவாரம் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

8. பத்திரப்படுத்துவது

பிரிக்காத பை ஃபிரிட்ஜில். பிரித்த பை காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி, ஒரு மாதத்துக்குள் காலி. அதனால் 100 கிராம் பையாகவே வாங்குங்கள், மலிவு என்று அரைக்கிலோ வாங்க வேண்டாம்.

இரண்டு பொறிகள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பையை உடனே பிரிக்காதீர்கள். குளிர்ந்த இலையில் காற்றின் ஈரம் படிந்துவிடும். அரை நாள் வெளியே வைத்து, பை அறைச் சூட்டுக்கு வந்த பிறகு கத்தரியுங்கள். அடுத்தது நம் வீட்டுப் பிரச்சினை. தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். பிரித்த பையைச் சாம்பார்ப் பொடி, பெருங்காய டப்பா இருக்கும் அலமாரியில் வைத்தேன். பத்து நாளில் 1,620 யென் தேயிலை ரசம் மணத்தது.

9. ஊருக்குக் கொண்டுபோவது, அனுப்புவது

கையோடு கொண்டுபோவதுதான் நல்லது. பிரிக்காத பை, பொருளின் பேர் தெரிகிற கடை பில், சொந்த உபயோகத்துக்கான அளவு. பைகளைத் துணிக்கு நடுவில் வைத்துப் பெட்டியில் போட்டுவிடுங்கள். ஊறுகாயோடு சேர்த்து வைக்காதீர்கள்.

அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால்: ஜப்பான் தபாலில் கையால் எழுதிய முகவரிச்சீட்டை வாங்க மாட்டார்கள். இணையத்தில் பூர்த்தி செய்து அச்சிட்ட சீட்டு வேண்டும். பொருள் விவரத்தில் வெறுமனே 'பரிசு' என்றோ 'உணவு' என்றோ போடாமல் பச்சைத் தேயிலை, இத்தனை கிராம், இத்தனை யென் என்று எழுதி, சுங்கத்தில் பொருளின் வகையைக் குறிக்கும் எச்.எஸ் எண் 0902.10 போடுங்கள். மூன்று கிலோவுக்கு மேற்படாத பைகளில் அடைத்த பச்சைத் தேயிலைக்கான எண் அது.

பரிசு என்றால் வரி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சலுகையை இந்தியா 2019 டிசம்பரில் எடுத்துவிட்டது. நான் அது தெரியாமல் ஒரு தனியார் கூரியரில் திருநெல்வேலிக்கு நாலு பை அனுப்பினேன். பொட்டலம் பன்னிரண்டு நாள் சுங்கத்தில் கிடந்தது. பெறுபவரின் அடையாளச் சான்று கேட்டு அப்பாவுக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது, அவர் மோசடி என்று நினைத்து அழித்துவிட்டார். கடைசியில் வரியும் கையாளும் கட்டணமும் சேர்ந்து தேயிலையின் விலையைத் தாண்டிவிட்டன. கூரியரில் அனுப்பும் முன்பே பெறுபவரின் ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகலைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள், இப்படி ஒரு செய்தி வரும் என்றும் சொல்லிவிடுங்கள்.

வாங்கி விற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு இறக்குமதி செய்பவர்களுக்கான ஐ.இ.சி எண், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இறக்குமதி உரிமம் எல்லாம் வேண்டும். தேயிலைக்கு அடிப்படைச் சுங்க வரியே 100 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கொடுக்கும் பையில் தமிழில் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுங்கள். அம்மாவுக்குக் கொடுத்த முதல் பை பாலோடு சேர்ந்து கொதித்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இப்போது ஒட்டுவது இதுதான்: 'பால் வேண்டாம். அடுப்பில் வைக்க வேண்டாம். கொதித்த தண்ணீரை மூன்று கிண்ணம் மாற்றி ஆற்றி ஊற்றவும். ஒன்றரை நிமிஷம். பெருங்காயத்துக்குப் பக்கத்தில் வைக்காதே.'